ஜாங்கோ இன்ஸ்டால் செய்யப் போகிறீர்களா? முதலில் தனிச் சூழல்!

பைதான் மொழியை ஓரளவு கற்றுக் கொண்டவர்கள் அடுத்தபடியாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஜாங்கோ இன்ஸ்டால் செய்திட என்ன டைப் செய்ய வேண்டும்?" நண்பர்கள், அவர்களின் தம்பி தங்கைகள், கல்லூரியில் படிக்கும் உறவினர்கள் எனப் பலரும் இதனை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை ஒரே வரியில் பதில் சொல்லி விடுவேன். "பிப் இன்ஸ்டால் ஜாங்கோ என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். அவ்வளவுதான்."

இப்போது அப்படிச் சொல்வதில்லை. அந்த ஒற்றை வரி தவறானது அல்ல. ஆனால் பாதிப் பதில். மீதிப் பாதியை "அதெல்லாம் பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்று தள்ளி வைத்துத்தான் பலரும் சொல்லிக் கொடுக்கிறோம். அது தவறு என்பது என் உறுதியான கருத்து. தனிச் சூழல், பதிப்பு எண், ஒரு குறிப்புப் பைல் ஆகிய மூன்றையும் முதல் நாளே, முதல் பத்து நிமிடத்திலேயே கற்றுக் கொள்ள வேண்டும். ஏன் இப்படி வற்புறுத்துகிறேன் என்பதற்கு என் சொந்தத் தவறு ஒன்றையே சாட்சியாகச் சொல்கிறேன்.

ஜாங்கோ என்பது என்ன?

புதியவர்களுக்காகச் சுருக்கமாக. இணைய தளம் ஒன்றை உருவாக்குகையில் சில வேலைகள் எல்லாத் தளங்களுக்கும் பொதுவானவை. பயனாளர் பெயர், பாஸ்வேர்ட் சரி பார்ப்பது, தகவல்களை டேட்டாபேஸில் எழுதி வைப்பது, படிவங்களில் தருவதைச் சோதிப்பது, எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று முடிவு செய்வது போன்றவை. இவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதாமல், தயாராகத் தருவதே பிரேம்ஒர்க். பைதான் மொழிக்கான இத்தகைய பிரேம்ஒர்க்களில் அதிகம் பயன்படுத்தப்படுபவற்றில் ஒன்று ஜாங்கோ.

இது பிறந்த இடம் ஒரு செய்தித்தாள் அலுவலகம். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் உள்ள லாரன்ஸ் என்ற ஊரின் லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்ட் நாளிதழில் பணியாற்றிய அட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் ஆகிய இருவரும் 2003ல் இதனைத் தொடங்கினார்கள். செய்தி அலுவலகத்தில் கேட்ட வசதியைச் சில மணி நேரத்திலேயே தர வேண்டிய நெருக்கடிதான் இதற்குக் காரணம். 2005 ஜூலையில் இது அனைவருக்கும் இலவசமாக வெளியிடப்பட்டது. ஜாங்கோ ரெயின்ஹார்ட் என்ற கிடார் கலைஞரின் பெயரை இதற்கு வைத்தார்கள். ஆங்கிலத்தில் எழுதுகையில் முதலில் வரும் 'டி' எழுத்தை உச்சரிப்பதில்லை.

என் சித்தப்பாவின் கம்ப்யூட்டர்

திருநெல்வேலியில் என் சித்தப்பா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறார். மாணவர்களின் மாதக் கட்டணத்தை நீள நோட்டில் எழுதி வைப்பது அவர் வழக்கம். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு, 2021ல், ஜாங்கோவில் அவருக்கு ஒரு சிறிய கணக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். உபுண்டு போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் அது ஓடியது. மாணவர் பெயரைத் தேர்ந்தெடுத்து, தொகையை டைப் செய்தால் ரசீது வரும். சோதனைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டிய டெவலப்மென்ட் சர்வரிலேயே அதனை ஓட விட்டிருந்தேன். அதுவும் ஒரு தவறுதான். ஆனாலும் ஓராண்டுக்கு மேல் சிக்கலின்றி ஓடியது. சித்தப்பாவும் நோட்டை அலமாரியில் வைத்து விட்டார்.

2022 செப்டம்பரில் ஒரு கல்யாணத்திற்காக ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பாவின் மகள் அப்போது பி.காம். இரண்டாம் ஆண்டு படித்துக் கொண்டிருந்தாள். பைதான் தானாகவே கொஞ்சம் படித்திருந்தாள். "அண்ணா, எனக்கும் ஜாங்கோ சொல்லிக் கொடுங்க" என்றாள். ஞாயிற்றுக் கிழமை, இன்ஸ்டிட்யூட்டுக்கு விடுமுறை. அதே கம்ப்யூட்டரில் அவளை உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல அவளையே டைப் செய்ய வைத்தேன். "இருப்பது பழைய பதிப்பு, புதியதற்கு மாற்றிக் கொள்வோம்" என்று அப்கிரேட் கட்டளையையும் நான்தான் சொன்னேன். அப்போது புதிதாக வந்திருந்த 4.1 பதிப்பு ஏறியது. ராக்கெட் படத்துடன் முதல் பக்கம் பிரவுசரில் தெரிந்ததும் அவளுக்கு ஒரே மகிழ்ச்சி. அன்றிரவே நான் சென்னைக்கு ரயில் ஏறி விட்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சித்தப்பாவிடமிருந்து போன். "என்னடே, கணக்கு திறக்கவே மாட்டேங்கு. பிள்ளைங்க எல்லாம் பீஸை கையில வச்சிக்கிட்டு நிக்காவ. நேத்து உன் தங்கச்சி எதையும் நோண்டிட்டாளா?"

அலுவலகத்தில் இருந்தபடி அவளுக்குப் போன் செய்தேன். அழாத குறையாகப் பேசினாள். "அண்ணா, நான் வேற ஒண்ணுமே தொடலை. நீங்க சொன்னதைத்தான் அடிச்சேன்." உண்மை அதுதான். அவள் தவறு எதுவும் இல்லை. ஆனால் அதற்குள் வீட்டில் அவள் திட்டு வாங்கியாகி விட்டது.

மாலையில் அவள் உதவியுடன் தொலைவிலிருந்தே அந்தக் கம்ப்யூட்டரின் திரையை என் லேப்டாப்பில் திறந்து பார்த்தேன். ஜாங்கோவில் 'யூஆர்எல்' என்ற பெயரை இம்போர்ட் செய்ய முடியவில்லை என்று பிழைச் செய்தி இருந்தது. பழைய பதிப்பைத் திரும்பப் போட்டால் சரியாகி விடும். ஆனால் அது எந்தப் பதிப்பு? எனக்கு நினைவில்லை. எங்கும் எழுதி வைக்கவும் இல்லை. 2.2 பதிப்பைப் போட்டால் வேறு பிழை. ஒவ்வொன்றாக முயற்சி செய்து, இரவு பத்து மணிக்கு 3.2 போட்ட பிறகுதான் கணக்கு திறந்தது. டேட்டாபேஸ் தனிப் பைலில் இருந்ததால் மாணவர்களின் கணக்கு எதுவும் அழியவில்லை. அது மட்டும்தான் ஆறுதல்.

சித்தப்பா மறுநாளே நீள நோட்டை அலமாரியிலிருந்து எடுத்து விட்டார். தங்கை ஓராண்டுக்கு மேல் அந்தப் பக்கமே வரவில்லை. "எனக்கு இதெல்லாம் வராதுண்ணா, எதையாவது கெடுத்துடுவேன்" என்று சொல்லி விட்டாள்.

நடந்தது என்ன?

பிப் என்பது பைதானுக்கான கூடுதல் தொகுப்புகளை இணையத்திலிருந்து டவுண்லோட் செய்து பதிந்து தரும் புரோகிராம். தனிச் சூழல் எதுவும் அமைக்காமல் இதனை இயக்கினால், தொகுப்புகள் பைதானின் பொதுவான போல்டர் ஒன்றில் சென்று அமரும். ஒரு போல்டரில் ஒரு ஜாங்கோதான் இருக்க முடியும். புதியது வந்தால் பழையது அழிக்கப்படும். அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள எல்லா ஜாங்கோ புரோகிராம்களும் அந்த ஒன்றையே பயன்படுத்தும். தங்கையின் பயிற்சிக்காகப் பதிப்பை மாற்றிய போது, சித்தப்பாவின் கணக்குப் புரோகிராமுக்கும் சேர்த்துத்தான் மாற்றினேன்.

இன்னொரு தவறும் இதில் இருந்தது. முகவரிகளைக் குறிப்பிட 'யூஆர்எல்' என்ற பழைய முறையை நான் ஏதோ ஒரு பழைய பாடத்திலிருந்து காப்பி செய்திருந்தேன். 2020 ஆகஸ்ட்டில் வந்த 3.1 பதிப்பிலேயே, இது பின்னர் நீக்கப்படும் என்று ஜாங்கோவை உருவாக்குவோர் அறிவித்து விட்டனர். 2021 டிசம்பரில் வெளியான 4.0 பதிப்பில் சொன்னபடி நீக்கினர். அவர்கள் மீது குறை இல்லை. எந்தப் பதிப்புக்கான பாடம் என்று பார்க்காமல் காப்பி செய்த என் மீதுதான் குறை.

தனிச் சூழல் அமைத்தல்

இதற்கான தீர்வு பைதானுடனேயே இலவசமாக வருகிறது. 2012ல் வெளியான பைதான் 3.3 பதிப்பிலிருந்து 'வென்வ்' என்ற வசதி உள்ளது. நம் புராஜக்ட் போல்டருக்குள் அந்தப் புராஜக்ட்டுக்கு மட்டுமான ஒரு போல்டரை இது உருவாக்கும். இனி பிப் பதிவது எல்லாம் அந்தப் போல்டருக்குள்ளேயே இருக்கும். ஜாங்கோ மட்டும் பதிந்த ஒரு சூழல் நூறு எம்.பி.க்குள் அடங்கி விடும். இன்றைய ஹார்ட் டிஸ்க்கில் இது ஒரு பொருட்டே அல்ல.

அமைப்பதும் எளிது. கட்டளைகளை உச்சரிப்பில் தருகிறேன். டைப் செய்கையில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அமைத்திடவும். விண்டோஸ் எனில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, புராஜக்ட் போல்டருக்குச் சென்று, 'பிஒய் -எம் வென்வ் சூழல்' என்பது போலத் தர வேண்டும். 'சூழல்' என்ற இடத்தில் நீங்கள் விரும்பும் பெயரை ஆங்கிலத்தில் தரலாம். அடுத்து, அந்தப் போல்டருக்குள் 'ஸ்கிரிப்ட்ஸ்' என்ற போல்டரில் உள்ள 'ஆக்டிவேட்' பைலை இயக்க வேண்டும். கமாண்ட் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சூழலின் பெயர் தோன்றினால், நீங்கள் அதன் உள்ளே இருக்கிறீர்கள் என்று பொருள். இதன் பின்னரே பிப் மூலம் ஜாங்கோவைப் பதிய வேண்டும்.

இந்த இடத்தில் புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில உள்ளன. இவற்றை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. விழுந்தவர் "நமக்கு அறிவு போதவில்லை" என்று நினைத்து விலகி விடுகிறார். எனவே இங்கே பட்டியலிடுகிறேன்.

1. விண்டோஸில் பைதானைப் பதியாத நிலையில் 'பைதான்' என்று டைப் செய்தால், மைக்ரோசாப்ட் ஸ்டோர் திறக்கும் அல்லது அங்கே செல்லுமாறு செய்தி கிடைக்கும். கம்ப்யூட்டர் கெட்டு விட்டது என எண்ண வேண்டாம். வழக்கமான இன்ஸ்டாலர் பைலைப் பயன்படுத்துகையில், முதல் விண்டோவின் கீழ்ப்பகுதியில் பைதானைப் 'பாத்' அமைப்பில் சேர்க்கவா என்று கேட்கும் சிறிய கட்டம் இருக்கும். அதில் டிக் அடையாளம் ஏற்படுத்திய பின் தொடருங்கள்.

2. கமாண்ட் ப்ராம்ப்ட்டுக்குப் பதிலாக பவர்ஷெல் திறந்திருந்தால், ஆக்டிவேட் செய்கையில் 'இந்தக் கம்ப்யூட்டரில் ஸ்கிரிப்ட்களை இயக்க அனுமதி இல்லை' என்ற பொருளில் சிவப்பு எழுத்தில் செய்தி வரலாம். அது விண்டோஸின் பாதுகாப்பு ஏற்பாடு. கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து அதில் செய்தால் இந்தத் தடை இல்லை.

3. உபுண்டுவில் வென்வ் வசதி தனித் தொகுப்பாக உள்ளது. சூழலை உருவாக்க முடியவில்லை என்று செய்தி வந்தால், அதிலேயே எந்தத் தொகுப்பைப் பதிய வேண்டும் என்ற குறிப்பும் இருக்கும். அதனைப் படித்துச் செயல்படவும்.

4. சூழல் போல்டரின் பெயரை மாற்றுவதோ, வேறு டிரைவுக்கு நகர்த்துவதோ கூடாது. அதன் உள்ளே பழைய இடத்தின் முழு முகவரி எழுதப்பட்டிருக்கும். நகர்த்த வேண்டும் எனில் அதனை அழித்து விட்டு, புதிய இடத்தில் மீண்டும் உருவாக்குங்கள். உங்கள் புரோகிராம் பைல்களைச் சூழல் போல்டருக்குள் வைக்காமல், அருகில் வைத்திருந்தால் எதுவும் இழப்பு இல்லை.

5. எல்லாவற்றிலும் அதிகம் பேரைக் குழப்புவது இதுதான். இன்று எல்லாம் சரியாக ஓடும். கம்ப்யூட்டரை அணைத்து விட்டு நாளை திறந்தால் 'ஜாங்கோ இல்லை' என்று செய்தி வரும். நேற்றுப் பதிந்தது எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. விண்டோவை மூடியதும் சூழலை விட்டு நீங்கள் வெளியே வந்து விட்டீர்கள். ஒவ்வொரு முறை புதிய விண்டோ திறக்கும் போதும் ஆக்டிவேட் செய்திட வேண்டும். ஜாங்கோ தரும் 'மேனேஜ்' பைலை இயக்கிப் பாருங்கள், "தனிச் சூழலை ஆக்டிவேட் செய்ய மறந்து விட்டீர்களா?" என்று அதன் பிழைச் செய்தியே உங்களைக் கேட்கும். இத்தனை பேர் மறக்கிறார்கள் என்பதால்தானே அந்தக் கேள்வியையே உள்ளே எழுதி வைத்திருக்கிறார்கள்!

பதிப்பு எண்ணும் பெயரும்

பதிப்பு எண் எதுவும் தராமல் பிப் கட்டளை கொடுத்தால், உங்கள் பைதானுக்குப் பொருந்தும் புதிய பதிப்பு ஏறும். பழகிப் பார்க்க இது போதும். வீட்டுக் கணக்கு, கடைக் கணக்கு என்று நாள்பட ஓட வேண்டியதற்கு, நீண்ட கால ஆதரவு கொண்ட பதிப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 2019ல் 2.2, 2021ல் 3.2, 2023ல் 4.2, 2025ல் 5.2 என இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை இத்தகைய பதிப்பு வந்துள்ளது. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். 5.2 பதிப்புக்கு 2028 ஏப்ரல் வரை இந்த ஆதரவு அறிவிக்கப்பட்டுள்ளது. பைதான் பதிப்பையும் கவனிக்க வேண்டும். 5.2 பதிப்புக்குக் குறைந்தது பைதான் 3.10 தேவை, 2025 டிசம்பரில் வெளியான 6.0 பதிப்புக்கு 3.12 தேவை.

பெயரை டைப் செய்கையில் ஓர் எழுத்தும் பிசகக் கூடாது. 2018ல் பைதான் தொகுப்புகளின் பொதுக் கிடங்கில் தீங்கான தொகுப்புகள் பன்னிரண்டு கண்டறியப்பட்டு நீக்கப்பட்டன. அவற்றில் சில, ஜாங்கோவின் பெயரை ஓர் எழுத்து மாற்றியோ, விட்டோ, இடம் மாற்றியோ வைக்கப்பட்டவை. அவசரத்தில் தவறாக டைப் செய்பவரைப் பிடிக்க விரித்த வலை அது. பிப் உங்கள் மனதில் உள்ளதைப் பதிவதில்லை. நீங்கள் டைப் செய்ததைப் பதிகிறது.

முதல் ஓட்டம்

ஜாங்கோ பதிந்த பின் 'ஸ்டார்ட்புராஜக்ட்' என்ற கட்டளை மூலம் புதிய புராஜக்ட்டைத் தொடங்கலாம். பெயராக 'ஜாங்கோ' என்றோ 'டெஸ்ட்' என்றோ தர வேண்டாம். அவை ஏற்கனவே உள்ள தொகுப்புகளின் பெயர்கள் என்பதால் மோதல் ஏற்படும். போல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு போல்டர் உருவாவதைக் கண்டு குழம்ப வேண்டாம். வெளியே இருப்பது வெறும் உறை. செட்டிங்ஸ் பைல் உள்ளே இருப்பதில் இருக்கும்.

'ரன்சர்வர்' கட்டளை தந்ததும் 18 மாற்றங்கள் இன்னும் செயல்படுத்தப்படவில்லை என்று சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை தோன்றும். இது பிழை அல்ல. பயனாளர் கணக்கு போன்றவற்றுக்கான அட்டவணைகள் இன்னும் டேட்டாபேஸில் அமைக்கப்படவில்லை என்பதே இதன் பொருள். பிரவுசரில் 127.0.0.1 என டைப் செய்து, முக்கால் புள்ளி எனப்படும் கோலன் அடையாளமிட்டு, 8000 என்று தந்தால் ராக்கெட் படம் தெரியும். பின்னர் சர்வரை நிறுத்தி விட்டு 'மைக்ரேட்' கட்டளை தந்தால், அந்த எச்சரிக்கை மறைந்து விடும்.

அடுத்து நிர்வாகப் பக்கத்துக்காக ஒரு தலைமைப் பயனாளரை உருவாக்க வேண்டும். அப்போது பாஸ்வேர்ட் டைப் செய்தால் திரையில் எதுவுமே தெரியாது. நட்சத்திரக் குறிகள் கூட வராது. கீ போர்ட் வேலை செய்யவில்லை என்று எண்ணிப் பாதியில் நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தைரியமாக டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

செட்டிங்ஸ் பைலில் நம்மவர்கள் அவசியம் மாற்ற வேண்டியது நேர மண்டலம். அது பொதுவான உலக நேரத்தில் அமைந்திருக்கும். 'ஏசியா, கொல்கத்தா' என மாற்றினால்தான் ரசீதில் நம் நேரம் வரும். மொழிக்கான வரியில் தமிழைக் குறிக்கும் 'டிஏ' என்ற இரண்டு எழுத்துகளைத் தந்து பாருங்கள். நிர்வாகப் பக்கத்தின் பல பகுதிகள் தமிழில் மாறும். மொழிபெயர்க்கப்படாத பகுதிகள் ஆங்கிலத்திலேயே இருக்கும். இதே பைலில் ரகசிய வரி ஒன்றும் 'டீபக்' என்ற அமைப்பும் உள்ளன. புரோகிராமை இணையத்தில் பொதுவில் ஏற்றும் நாளில், ரகசிய வரியைப் புதிதாக அமைத்து யாருக்கும் காட்டாமல் வைக்க வேண்டும். டீபக் அமைப்பை நிறுத்தி விட வேண்டும்.

இறுதியாக, நான் செய்யத் தவறிய வேலை. 'பிப் ப்ரீஸ்' என்ற கட்டளை, சூழலில் உள்ள எல்லாத் தொகுப்புகளையும் அவற்றின் பதிப்பு எண்களுடன் பட்டியலிடும். அந்தப் பட்டியலை 'ரெக்கொயர்மென்ட்ஸ்' என்ற டெக்ஸ்ட் பைலாகப் புராஜக்ட் போல்டரிலேயே சேமித்து வைக்க வேண்டும். ஜாங்கோவும் அதன் துணைத் தொகுப்புகளும் சேர்ந்து நான்கைந்து வரிகள்தான் வரும். அந்த ஒரு பைல் இருந்திருந்தால், அன்றைக்கு இரவு பத்து மணி வரை நான் போராடியிருக்க வேண்டியதில்லை. ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

"புதியவர்களைப் பயமுறுத்தாதே"

என் கருத்தை ஏற்காத நண்பர்கள் இருக்கிறார்கள். "முதல் நாளே சூழல், பதிப்பு என்றெல்லாம் சொன்னால் ஓடி விடுவார்கள். முதலில் திரையில் ஏதாவது தெரியட்டும். ஆர்வம் வந்த பின் மற்றதைச் சொல்லலாம்" என்பது அவர்கள் வாதம். இதில் நியாயம் உண்டு. ராக்கெட் படத்தைப் பார்த்த போது என் தங்கையின் முகம் மலர்ந்ததை நானே பார்த்தேன். ஆனால் அந்த மகிழ்ச்சி எத்தனை மணி நேரம் நீடித்தது? தனிச் சூழலுக்கு ஆகும் செலவு இரண்டு கட்டளைகள். அதைச் சொல்லாமல் விட்டதற்கு அவள் கொடுத்த விலை ஓராண்டு.

"இப்போது எதையும் பதியாமல் பிரவுசரிலேயே எழுதிப் பழகலாமே" என்கிறார்கள் சிலர். மொழியைப் பழகுவதற்கு அது நல்ல வழி. மறுப்பதற்கில்லை. ஆனால் வீட்டுக்கோ கடைக்கோ உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடும் புரோகிராம் வேண்டும் எனில், என்றாவது ஒரு நாள் பதிந்துதான் ஆக வேண்டும். 2024ல் வெளியான 'யூவி' போன்ற புதிய கருவிகள் இவற்றையெல்லாம் வேகமாகச் செய்து தருகின்றன. தாராளமாகப் பயன்படுத்துங்கள். அவையும் உள்ளே செய்வது இதே தனிச் சூழலைத்தான். அது ஏன் என்று தெரிந்திருந்தால்தான், கருவி தடுமாறும் போது நீங்கள் தடுமாற மாட்டீர்கள்.

லினக்ஸ் உலகமே இந்த முடிவுக்கு வந்து விட்டது என்பதையும் கவனியுங்கள். 2023ல் வெளியான உபுண்டு 23.04, டெபியன் 12 ஆகியவற்றிலிருந்து, சிஸ்டத்தின் பைதானில் நேரடியாகப் பிப் மூலம் எதையும் பதிய முயன்றால், அது மறுத்து விட்டு, தனிச் சூழலை அமைத்துக் கொள்ளும்படி சொல்கிறது. அந்த மறுப்பைத் தாண்டிச் செல்லும் குறுக்கு வழியும் அதே செய்தியில் உள்ளது. தயவு செய்து அதனைப் பயன்படுத்த வேண்டாம். சித்தப்பாவின் கம்ப்யூட்டரில் இருந்தது அதற்கு முந்தைய உபுண்டு. அன்று அது என்னைத் தடுத்திருந்தால், முணுமுணுத்துக் கொண்டே நன்றி சொல்லியிருப்பேன்.

மீண்டும் ஒரு முறை

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தீபாவளிக்கு ஊருக்குப் போன போது, வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் உண்மையைச் சொன்னேன். "தப்பு அவளோடது இல்ல சித்தப்பா, என்னோடது. ரெண்டுக்கும் ஒரே இடத்துல ஜாங்கோவைப் போட்டது நான்தான்." சித்தப்பா சிரித்து விட்டு, "சரிடே, நோட்டுக்கு இந்தப் பிரச்னையெல்லாம் இல்ல" என்றார். தங்கை எதுவும் சொல்லவில்லை.

பட்டப்படிப்பு முடித்த பின்னர்தான் அவளாகவே மறுபடியும் கேட்டாள். இந்த முறை அவளுடைய சொந்த லேப்டாப். நான் கட்டளைகளைச் சொல்வதற்கு முன், ஒவ்வொன்றும் எதற்காக என்று சொன்னேன். அவள் ஒரு நோட்டில் எழுதிக் கொண்டாள். பிறகு நான் ஒன்று செய்யச் சொன்னேன். "இப்ப இந்தச் சூழல் போல்டரை முழுசா டெலிட் பண்ணு." தயங்கினாள். பிறகு அழித்தாள். நோட்டைப் பார்த்து, ரெக்கொயர்மென்ட்ஸ் பைலிலிருந்து எல்லாவற்றையும் அவளே திரும்ப அமைத்தாள். ராக்கெட் மறுபடியும் வந்தது. "இவ்வளவுதானாண்ணா?" என்றாள். ஆம், இவ்வளவுதான். ஆனால் கெட்டுப் போனால் தன்னால் சரி செய்ய முடியும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. சித்தப்பாவின் கணக்குப் புரோகிராமை இப்போது பார்த்துக் கொள்வது அவள்தான். அதற்கும் தனிச் சூழல் போட்டாயிற்று. நீள நோட்டையும் சித்தப்பா விடவில்லை, இரண்டிலும் எழுதுகிறார்.

இதனைப் படிக்கும் நீங்களும் ஜாங்கோ இன்ஸ்டால் செய்தவுடன் ஒரு முறை இப்படிச் செய்து பாருங்கள். ரெக்கொயர்மென்ட்ஸ் பைலைச் சேமித்து, சூழல் போல்டரை அழித்து, மறுபடியும் உருவாக்குங்கள். அதிகம் போனால் பத்து நிமிடம் ஆகும். வேறு யாருக்காவது சொல்லிக் கொடுப்பவராக நீங்கள் இருந்தால், தயவு செய்து "அதெல்லாம் பிறகு" என்று சொல்லாதீர்கள். அந்தப் பிறகு வரும் நாளில், திட்டு வாங்கப் போவது நீங்களாக இருக்க மாட்டீர்கள்.